பள்ளத்துக்கு வாடகை

1994 ஜனவரி 17 விடியற்காலையில் லாஸ் ஏஞ்சலிஸின் நார்த்ரிட்ஜ் பகுதியில் நிலம் குலுங்கியது. நகரின் குறுக்கே ஓடும் சான்டா மோனிகா நெடுஞ்சாலையில் இரண்டு இடங்களில் பாலங்கள் சரிந்தன. அமெரிக்காவிலேயே மிக அதிகமான வாகனங்கள் ஓடும் சாலைகளில் அது ஒன்று. பாலங்களைத் திரும்பக் கட்டுவதற்கு கலிஃபோர்னியா மாநிலம் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வேலைக்கு 140 நாள் கெடு. கெடு தாண்டினால் ஒரு நாளைக்கு 2,00,000 டாலர் அபராதம். முன்னதாக முடித்தால் மிச்சமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அதே 2,00,000 டாலர் ஊக்கத்தொகை. வேலையை எடுத்த சி.சி. மையர்ஸ் நிறுவனம் இரவு பகலாக ஆட்களை இறக்கி 66 நாளில் முடித்துக் கொடுத்தது. மிச்சம் 74 நாள். ஊக்கத்தொகை மட்டும் 1.48 கோடி டாலர்.

ஒரு கான்டிராக்டருக்கு இவ்வளவு பணமா என்று கேட்கத் தோன்றும். அந்தச் சாலை ஒரு நாள் மூடிக் கிடந்தால் ஊருக்கு என்ன நஷ்டம் என்று முதலில் கணக்குப் போட்டு, அதற்குள் அடங்குமாறுதான் இப்படிப்பட்ட தொகைகளை நிர்ணயிக்கிறார்கள். ஊக்கத்தொகையைக் கொடுத்த பிறகும் ஊருக்கு லாபம் இருக்க வேண்டும்.

நம் தெருவில் குழி வெட்டும்போது எழுதும் கணக்கு வேறு. ஆள் கூலி, ஜேசிபி வாடகை, குழாய், ஜல்லி, தார் என்று எஸ்டிமேட் போடுகிறோம். அந்தக் குழியால் பேருந்துக்குள் முக்கால் மணி நேரம் சிக்கிய அறுபது பேரின் நேரம் எந்த பில்லிலும் ஏறுவதில்லை. தோண்டுபவருக்கு அது செலவே இல்லை. ஆகவே அதைக் குறைக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. நகரச் சாலைப் பணிகளை நிர்வகிக்கும் அறிவியல் எனக்குப் படுகிறபடி பெரும்பாலும் இந்தப் பில்லில் ஏறாத செலவை அளந்து ஏற்றுவதற்கான முயற்சிதான். அளந்த பிறகு தோண்டும் நேரம், இடம், கருவி, மூடும் மண் வரை எல்லாமே மாறத் தொடங்குகின்றன.

பாதி நேரம், கால் பங்கு தாமதம்

அளப்பது கடினமில்லை. ஒரு சாலையைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு திசையில் இரண்டு தடங்கள். இரண்டும் சேர்ந்து மணிக்கு 3,000 வாகனங்களை விடும். காலை நெரிசலில் வந்து சேருபவை மணிக்கு 2,000. ஒரு தடத்தை அடைத்துப் பள்ளம் தோண்டுகிறோம். மீதமுள்ள தடம் மணிக்கு 1,500 வாகனங்களை விடுகிறது.

வருவது 2,000, போவது 1,500. மணிக்கு 500 வாகனங்கள் தேங்குகின்றன. இரண்டு மணி நேர வேலை முடியும்போது வரிசையில் 1,000 வாகனங்கள் நிற்கும். இப்போது தடுப்பை எடுத்துவிட்டோம். வரிசை உடனே காணாமல் போகாது. ரேஷன் கடையில் பில் போடும் மெஷின் அரை மணி நேரம் நின்றுபோனால், அது சரியான பிறகும் வெகு நேரம் கூட்டம் நிற்கிறதல்லவா, அப்படித்தான் இதுவும். சாலை மணிக்கு 3,000 விடுகிறது, ஆனால் பின்னாலிருந்து 2,000 வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே வரிசை மணிக்கு 1,000 என்ற வீதத்தில்தான் கரையும். முழுவதும் கரைய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

கிடைக்கோட்டில் நேரத்தையும் நிலைக்கோட்டில் வரிசையின் நீளத்தையும் குறித்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அடிப்பக்கம் 3 மணி, உயரம் 1,000 வாகனம். அதன் பரப்புதான் எல்லோரும் சேர்ந்து இழந்த நேரம். பாதி பெருக்கல் 3 பெருக்கல் 1,000, அதாவது 1,500 வாகன-மணி.

அதே வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்திருந்தால்? வரிசை 500 வரைதான் வளரும். அரை மணியில் கரைந்துவிடும். அடிப்பக்கம் ஒன்றரை மணி, உயரம் 500. பரப்பு 375. வேலை நேரத்தைப் பாதியாக்கினோம், இழப்பு கால் பங்காகிவிட்டது. முக்கோணத்தின் உயரமும் அடியும் ஒன்றாகச் சுருங்குவதால் இழப்பு நேரத்தின் வர்க்கமாக ஏறி இறங்குகிறது. சாலைப் பணியில் கடைசி அரை மணி நேரம்தான் மிக விலை உயர்ந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. முதல் அரை மணியில் தேங்குபவை குட்டையான வரிசையில்தான் நிற்கின்றன; கடைசி அரை மணியில் தேங்குபவை ஏற்கெனவே நிற்கும் நீண்ட வரிசையின் வாலில் போய் ஒட்டிக்கொள்கின்றன.

இதே கணக்கில் இன்னும் இரண்டு எண்களைத் தொட்டுப் பார்க்கலாம். பள்ளத்தைச் சுற்றி வைத்த தடுப்புகளைச் சற்று உள்ளே தள்ளி, மண் குவியலை அப்புறப்படுத்தி, மீதித் தடத்தில் 1,500க்குப் பதில் 1,800 வாகனங்கள் போகும்படி செய்தோம் என்று வையுங்கள். இரண்டு மணி நேர முடிவில் வரிசை 400. இழப்பு 480 வாகன-மணி. கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு கூடியதற்கு இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. தடுப்பை நகர்த்தாமல், வருகிறவர்களில் பத்தில் ஒருவர் வேறு வழியிலோ வேறு நேரத்திலோ போனால்? வரத்து 1,800, வரிசை 600, இழப்பு 750. சரிபாதி.

நெரிசல் விளிம்பில் இருக்கும் சாலையின் குணமே இதுதான். சிறிய மாற்றங்கள் பெரிய விளைவைத் தருகின்றன, இரு திசையிலும். மண்ணைக் கொட்ட லாரி வரவில்லை என்று ஒரு குவியலை இன்னும் அரை மீட்டர் சாலைக்குள் சரியவிட்டால் நிகழ்வது இதன் தலைகீழ். இரவு பதினொரு மணிக்கு வரத்து 600 ஆகும்போது அதே பள்ளம் ஒருவரையும் நிறுத்தாது, இழப்பு பூஜ்யம்.

வரிசையின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். 1,000 வாகனங்கள் இரண்டு தடங்களில், ஒன்றுக்கு 7 மீட்டர் என்று நின்றால் மூன்றரை கிலோமீட்டர். நகருக்குள் அந்த மூன்றரை கிலோமீட்டரில் பல சந்திப்புகள் இருக்கும். வரிசையின் வால் ஒரு சந்திப்பைத் தாண்டியதும், பள்ளம் இருக்கும் சாலைக்கே போகாதவர்களும் குறுக்குச் சாலையில் மாட்டிக்கொள்கிறார்கள். இப்படி நெரிசல் பின்னோக்கி நகர்வதை 1955இல் மான்செஸ்டரைச் சேர்ந்த லைட்ஹில், விதாம் என்ற இரு கணித அறிஞர்கள் விளக்கினார்கள். வண்டிகள் முன்னே போனாலும் நெரிசலின் எல்லை ஓர் அலையாகப் பின்னே ஓடும் என்பது அவர்கள் காட்டியது. ஆற்று வெள்ளத்தை ஆராயும் சமன்பாடுகளையே அவர்கள் சாலைக்கும் பயன்படுத்தினார்கள்.

எங்கே தோண்டுகிறோம் என்பது

ஒரே அளவுள்ள பள்ளம், ஒரே சாலை, ஒரே நேரம். சிக்னலுக்குப் பக்கத்தில் தோண்டினால் ஊர் நிற்கும். முந்நூறு மீட்டர் தள்ளித் தோண்டினால் பலருக்கு அது தெரியவே தெரியாது. இது பலரும் கவனிக்காத, எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

பச்சை விழுந்ததும் ஒரு தடத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒரு கார் கோட்டைக் கடக்கும். பச்சையே எரிந்துகொண்டிருந்தால் மணிக்கு 1,800. ஆனால் பச்சை பாதி நேரம்தான். ஆகவே ஒரு தடம் 900, இரண்டு தடமும் சேர்ந்து 1,800. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே சிக்னல் கிடையாது. அங்கே ஒரே தடம் தனியாக 1,800 வாகனங்களை விடும். நடுவில் ஒரு தடத்தை அடைத்தாலும், சிக்னல் விடக்கூடிய அத்தனையும் மீதித் தடத்தில் ஏறக்குறைய போய்விடும் என்று பொருள். அதே தடத்தைச் சிக்னல் கோட்டருகே அடைத்தால் சந்திப்பின் கொள்ளளவு பாதியாக விழும்.

எவ்வளவு தள்ளி? பச்சை 40 நொடி என்றால் ஒரு தடத்தில் 20 வாகனங்கள் போகும். அவை நிற்க 140 மீட்டர் வேண்டும். கோட்டுக்குப் பின்னால் அந்த 140 மீட்டரும் இரண்டு தடங்களாகத் திறந்திருந்தால், சிவப்பின்போது இரண்டு வரிசைகள் நிரம்பி, பச்சையின்போது இரண்டும் முழுதாக வெளியேறும். 50 மீட்டரில் பள்ளம் இருந்தால் முதல் ஏழு வண்டிகளுக்குப் பின் ஒரு தடம் வறண்டுவிடும். மிச்சப் பச்சை வீண். ஆகவே குடிநீர்க் குழாயின் வால்வைச் சந்திப்பிலிருந்து தள்ளி வைக்க முடியுமானால் தள்ளி வைப்பது, அதன் ஆயுள் முழுக்கப் பழுது பார்க்கும் ஒவ்வொரு முறையும் பலன் தரும். முடியாத இடத்தில், பணி நடக்கும் நாட்களுக்கு மட்டும் அந்தத் திசையின் பச்சை நேரத்தை நீட்டித் தரலாம்.

இந்தக் கணக்குகள் தடம் பிடித்து ஓட்டும் ஊர்களில் பிறந்தவை. நம் ஊர்ச் சாலையில் பேருந்தும் ஆட்டோவும் காரும் இரு சக்கர வாகனமும் ஒரே அகலத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால்தான் இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்கள் வண்டிகளை அப்படியே எண்ணாமல், காரை ஒன்று என வைத்து மற்றவற்றை அதன் மடங்காகவும் பின்னமாகவும் மாற்றி எண்ணுகின்றன. ஐஐடி மெட்ராஸ் உள்ளிட்ட இடங்களில் இந்தக் கலப்புப் போக்குவரத்தைக் கணினியில் போலச் செய்து பார்க்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சாலைப் பணிக்கு இதில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. தடம் பிடித்து ஓட்டும் ஊரில் 7 மீட்டர் சாலை 6 மீட்டராகக் குறைந்தாலும் இரண்டு தடம் இரண்டு தடம்தான். நம் ஊரில் அந்த ஒரு மீட்டரில் ஒரு இரு சக்கர வாகன ஓடை ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றுபோகும். இங்கே ஒவ்வொரு அரை மீட்டருக்கும் விலை உண்டு. வேலை நடக்காத இடத்திலும் நீளமாக அடைத்து வைத்த தகரத் தடுப்பு, நிறுத்தி வைத்த ஜேசிபி, அள்ளாத மண் எல்லாம் இந்த அகலத்தைத்தான் தின்கின்றன.

நடைபாதையை அடைக்கும்போதும் இதுவே நடக்கிறது. நடப்பவர்கள் காற்றில் மறைய முடியாது. அவர்கள் சாலையில் இறங்குவார்கள். பள்ளிப் பிள்ளையும் கைத்தடி ஊன்றிய முதியவரும் பேருந்துக்கும் தடுப்புக்கும் நடுவே நடப்பது முதலில் உயிருக்கு ஆபத்து. பிறகு அதுவே சாலையின் கொள்ளளவையும் குறைக்கிறது. தடுப்புக்கு உள்ளேயே ஒரு மீட்டர் நடைவழி விட்டால் இரண்டும் தீரும். இந்திய சாலைக் காங்கிரஸ் சாலைப் பணிப் பகுதிகளுக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது; எங்கே எச்சரிக்கைப் பலகை, எங்கே சரிவுத் தடுப்பு, எங்கே நடப்பவருக்கு வழி என்று அதில் எழுதப்பட்டே இருக்கிறது.

லண்டன் போட்ட வாடகை

பிரிட்டனில் குடிநீர், எரிவாயு, மின்சாரம், தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குச் சாலையைத் தோண்டச் சட்டப்படி உரிமை உண்டு. சாலையைத் தோண்டுவதற்கான விதிகளை 1991ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். சொன்ன நாளுக்குள் முடிக்காவிட்டால் கட்டணம். பெரிய அளவில் புதுப்பித்த சாலையைக் குறிப்பிட்ட காலம் வரை மற்றவர்கள் வெட்டக் கூடாது என்று அறிவிக்கவும் அதில் ஒரு பிரிவு இருக்கிறது. குழாய் உடைப்பு போன்ற அவசரங்களுக்கு மட்டும் விலக்கு. 2010இல் லண்டனில் அனுமதி முறை வந்தது. அதற்கு முன்பு தகவல் சொன்னால் போதும் என்றிருந்தது. இனி நேரமும் முறையும் ஒப்புக்கொண்டு அனுமதி வாங்க வேண்டும்.

2012 ஜூனில் அடுத்த படி. லண்டனின் மிக நெரிசலான சாலைகளில், நெரிசல் நேரத்தில் தடத்தை அடைப்பவர் அதற்கு வாடகை கட்ட வேண்டும். மிக முக்கியமான இடங்களில் ஒரு நாளைக்கு 2,500 பவுண்டு வரை. இரவிலோ நெரிசல் இல்லாத நேரத்திலோ வேலை செய்தால் வாடகை கிடையாது.

இந்தக் கடைசி விதியில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. வாடகை வசூலிப்பது நோக்கமில்லை; வாடகை கட்டாமல் தப்பிக்க நிறுவனங்கள் வழி தேட வேண்டும் என்பதுதான் நோக்கம். தேடினார்கள். பகலில் பள்ளத்தின் மேல் கனத்த இரும்புத் தகடு போட்டுச் சாலையைத் திறந்துவிட்டு, இரவில் தகட்டை எடுத்து வேலையைத் தொடர்ந்தார்கள். சீக்கிரம் இறுகும் கலவைகளுக்கு மாறினார்கள். திட்டத்தில் சேரும் உபரிப் பணத்தைச் சாலைத் தொந்தரவைக் குறைக்கும் ஆராய்ச்சிக்குச் செலவிட ஏற்பாடு செய்யப்பட்டது. லண்டனின் பழைய வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்களுக்குள் வாயு ஓடிக்கொண்டிருக்கும்போதே நுழைந்து, இணைப்புகளை உள்ளிருந்தே அடைக்கும் ரோபோ பயன்பாட்டுக்கு வந்தது. முன்பு ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு குழி. இப்போது ரோபோவை இறக்க ஒரு குழி. அங்கிருந்து அது குழாய் வழியே நகர்ந்து பல இணைப்புகளை முடித்துவிடும்.

குறையும் உண்டு. இரவு வேலை என்றால் கான்கிரீட் உடைக்கும் சத்தம் தெருவாசிகளின் படுக்கையறைக்குள் போகும். பகலில் காரில் போகிறவரின் பத்து நிமிடத்துக்காக, தெருவோரம் குடியிருப்பவரின் தூக்கத்தைப் பறிப்பது நியாயமா என்பது எளிதில் பதில் சொல்ல முடியாத கேள்வி. சத்தமான வேலைகளை முன்னிரவில் முடித்துக்கொண்டு, நள்ளிரவுக்குப் பின் குழாய் இணைப்பு போன்ற அமைதியான வேலைகளை வைத்துக்கொள்வது நடைமுறையில் பலரும் கண்ட சமரசம்.

அவசரத்துக்கு இன்னொரு எல்லை இருக்கிறது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தின் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. மார்பளவு மண் சரிந்தாலே மூச்சு விட முடியாது. நேரத்தைச் சேமிக்கிறோம் என்று முட்டுப் பலகையை விட்டுவிடும் ஒப்பந்தத்தை எந்த நகரமும் ஏற்கக் கூடாது. தாமதக் கட்டணம் விதிக்கும் ஒப்பந்தத்தில், பள்ளத்துக்குள் நிற்பவரின் பாதுகாப்பைச் சோதிக்கத் தனி ஆள் இருக்க வேண்டும்.

வராமல் போகும் வண்டிகள்

சாலையை அடைத்தால் அதன் வண்டிகள் எல்லாம் பக்கத்துச் சாலையில் கொட்டும் என்றுதான் நினைக்கிறோம். 1998இல் கெய்ர்ன்ஸ், ஹாஸ்-க்ளாவ், குட்வின் ஆகிய மூவரும் பல நாடுகளில் சாலைக் கொள்ளளவு குறைக்கப்பட்ட நிகழ்வுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். பணிக்காக மூடியவை, நிலநடுக்கத்தில் இடிந்தவை, நடப்பவர்களுக்காக நிரந்தரமாக மூடியவை எல்லாம் அதில் அடக்கம். அந்தச் சாலைகளில் ஓடிய வண்டிகளில் ஒரு பகுதி பக்கத்துச் சாலைகளில் எண்ணியும் கிடைக்கவில்லை. பின்னர் விரிவாக்கிய ஆய்வில் இந்தக் குறைவின் இடைநிலை மதிப்பு ஏறத்தாழ 11 சதவீதம். இடத்துக்கு இடம் பெரிய வேறுபாடு இருந்தது. சில இடங்களில் குறையவே இல்லை.

அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் எங்கே போனார்கள்? சிலர் அரை மணி முன்னே கிளம்பினார்கள். சிலர் ரயிலில் ஏறினார்கள். இரண்டு தனிப் பயணங்களை ஒன்றாகச் சேர்த்தவர்கள் உண்டு. அன்று போகாவிட்டாலும் பரவாயில்லை என்று தள்ளிப்போட்டவர்களும் உண்டு. மேலே போட்ட கணக்கில் பத்தில் ஒருவர் வராவிட்டால் இழப்பு பாதியாகும் என்று பார்த்தோம். ஆகவே முன்னறிவிப்பு என்பது மரியாதைக்குச் செய்யும் காரியம் மட்டுமாக இருக்க முடியாது. அதற்கு நேரடியாக அளவிடத்தக்க பலன் உண்டு.

2011 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பாலத்தின் பாதியை இடிப்பதற்காக 405ஆம் எண் நெடுஞ்சாலையின் ஏறத்தாழ 16 கிலோமீட்டரை ஒரு வார இறுதி முழுக்க மூடினார்கள். வாரக்கணக்கில் எச்சரிக்கை செய்தார்கள்; ஊரே ஸ்தம்பிக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த இரண்டு நாளும் நகரச் சாலைகள் வழக்கத்தைவிட வெறிச்சோடிக் கிடந்தன. வேலையும் கெடுவுக்குப் பல மணி நேரம் முன்பே முடிந்தது. அங்கே அறிவிப்பில் நாள், நேரம், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்பதெல்லாம் திட்டவட்டமாக இருந்தன. ‘பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற பலகையை வைத்துக்கொண்டு ஒருவர் தன் பயணத்தை மாற்றிக்கொள்ள முடியாது.

மூடும் மண்

தோண்டுவதைவிட மூடுவது முக்கியம் என்பேன். சரியாக மூடாத பள்ளம் அடுத்த மழையில் இறங்கும். இறங்கினால் திரும்பத் தோண்ட வேண்டும். மேலே போட்ட முக்கோணம் இன்னொரு முறை வரும்.

மண்ணை ஏன் தண்ணீர் தெளித்து, அடுக்கடுக்காகத் திமிசு போட வேண்டும் என்பதை 1933இல் லாஸ் ஏஞ்சலிஸ் குடிநீர்த் துறைப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் அளந்து காட்டினார். காய்ந்த மண்ணில் துகள்கள் ஒன்றையொன்று உரசி நகர மறுக்கும். அளவோடு ஈரம் இருந்தால் வழுக்கி நெருங்கிப் படியும். ஈரம் கூடிவிட்டால் தண்ணீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மண்ணுக்கும் ஓர் உகந்த ஈரப்பதம் உண்டு. அதில்தான் அது மிக அடர்த்தியாகப் படியும். மேலிருந்து தரும் அதிர்வு சில அங்குல ஆழம் வரைதான் இறங்கும். அதனால்தான் 15 சென்டிமீட்டர் அளவில் அடுக்கு போடச் சொல்கிறார்கள். ஒன்றரை மீட்டர் பள்ளத்தில் தோண்டிய சேற்றையே ஒரே தடவையில் தள்ளி, ஜேசிபி வாளியால் மேலே நாலு தட்டு தட்டினால் அடிமண் தளர்ந்தே இருக்கும்.

அடுக்கு போட நேரம் இல்லாதபோது வேறு வழி இருக்கிறது. 2016 நவம்பர் 8 அதிகாலை ஜப்பானின் ஃபுகுவோகா நகரில், ஹகட்டா ரயில் நிலையத்துக்கு எதிரே, சுரங்க ரயில் பணியின்போது சாலை உள்வாங்கியது. ஏறத்தாழ 30 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலம், 15 மீட்டர் ஆழம். அடியில் தண்ணீர். ஒரே வாரத்தில், நவம்பர் 15 அன்று, அந்தச் சாலையில் வண்டிகள் ஓடின. மண்ணோடு சிமென்ட் கலந்து, குழம்பாக ஓடி, தண்ணீருக்குள்ளும் இறுகும் கலவையைக் குழிக்குள் ஊற்றினார்கள். அது தானே எல்லா மூலைக்கும் ஓடி நிரம்பும்; திமிசு வேண்டாம். உள்ளூர்ச் சாலைப் பள்ளங்களுக்கும் இதே வகைக் கலவையைப் பல நாடுகள் பயன்படுத்துகின்றன. வேண்டுமென்றே வலு குறைவாகத் தயாரிக்கிறார்கள், நாளைக்கு யாராவது குழாயைத் தேடித் தோண்டினால் மண்வெட்டிக்கு மசிய வேண்டுமே.

தோண்டாமல் முடிப்பது

எல்லாவற்றையும்விட மேலானது தோண்டாமல் இருப்பதுதான். 1971ஆம் ஆண்டு இந்தத் துறைக்கு விசேஷமான ஆண்டு. அந்த ஆண்டு கலிஃபோர்னியாவில் மார்ட்டின் செரிங்டன் பஹாரோ ஆற்றின் அடியில், கரையிலிருந்து சாய்வாகத் துளைத்துக் குழாயை மறுகரைக்குக் கொண்டுபோனார். இன்று நம் தெருக்களில் கேபிள் இழுக்க இரண்டு முனையிலும் சிறு குழி மட்டும் போட்டு நடுவே துளைத்துப் போகும் இயந்திரம் அதன் வழி வந்தது. அதே ஆண்டில் லண்டனில் எரிக் வுட் நூறாண்டு பழைய கழிவுநீர்க் குழாய் ஒன்றை வெளியே எடுக்காமலே புதுப்பித்தார். பிசின் ஊறிய துணிக் குழலை மேன்ஹோல் வழியே உள்ளே செலுத்தி, பழைய சுவரோடு ஒட்டவைத்து இறுக விட்டார். பழைய குழாய்க்குள் ஒரு புதிய குழாய் உருவானது.

சுரங்க வழி கட்டி எல்லாக் குழாய்களையும் அதில் வைத்துவிடும் யோசனை இன்னும் பழையது. லண்டன் காரிக் தெருவில் 1861இல் அப்படி ஒன்று வந்தது. பாரிஸின் பெரிய கழிவுநீர்ச் சுரங்கங்களுக்குள்ளேயே குடிநீர்க் குழாய்களும் போகின்றன. 1923 நிலநடுக்கத்துக்குப் பின் தோக்கியோ இதைத் தொடங்கியது; 1963இல் ஜப்பான் தனிச் சட்டமே இயற்றியது. சிங்கப்பூரின் மரீனா பே, குஜராத்தின் கிஃப்ட் சிட்டி போலப் புதிதாக எழும்பும் பகுதிகளில் இது கைகூடுகிறது. ஏற்கெனவே நெருக்கமாகக் கட்டி முடித்த ஊரில், அந்தச் சுரங்கத்தைக் கட்டவே பல ஆண்டுகள் சாலையை மூட வேண்டியிருக்கும்.

சென்னையில் என்ன செய்யலாம்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகச் சாலை வெட்டுக்குத் தடை விதிப்பது சென்னையில் வழக்கம். அது நல்ல விதி. அதன் இன்னொரு விளைவையும் திட்டமிட வேண்டும்: தடைக்கு முந்தைய வாரங்களில் எல்லாத் துறைகளும் ஒரே சமயத்தில் தோண்ட ஓடிவருகின்றன. 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். மேலே மேலே தார் போட்டுச் சாலை உயர்ந்து, வீடுகள் தாழ்ந்து, மழைநீர் உள்ளே வந்ததைத் தடுக்க எழுந்த உத்தரவு அது. இப்படிச் சுரண்டிய சாலை கரடுமுரடாகக் கிடக்கும் நாட்களும் முக்கோணக் கணக்கில் சேரும். சுரண்டுவதற்கும் தார் போடுவதற்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒப்பந்தத்தில் மணிக்கணக்கில் எழுத வேண்டும். இரு சக்கர வாகனத்தில் போகிறவருக்கு அந்தக் கரடு சறுக்கும் தரை.

நூறு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டம் போன்ற பணியைச் சில மணி நேரத்தில் முடிக்க முடியாது. அங்கே மிச்சமிருக்கும் இரண்டு வழிகள்தான் உதவும்: திறந்திருக்கும் அகலமும் வந்து சேரும் வண்டிகளும். தடுப்புக்குள் வேலை முடிந்த பகுதியை வாரந்தோறும் அளந்து சாலைக்குத் திருப்பித் தர வேண்டும். மிச்ச அகலத்தில் பேருந்துக்கு முதலிடம் தர வேண்டும். வண்டிகளை எண்ணாமல் ஆட்களை எண்ணினால், அறுபது பேர் ஏறிய ஒரு பேருந்தை ஐந்து நிமிடம் முன்னே விடுவது ஒருவர் மட்டும் போகும் அறுபது கார்களை ஐந்து நிமிடம் முன்னே விடுவதற்குச் சமம்.

துறைகளுக்கு இடையே வரிசைமுறையும் வேண்டும். ஆழமான கழிவுநீர்க் குழாய் முதலில், பிறகு மழைநீர் வடிகால், குடிநீர், மின்சாரம், கடைசியில் தார். எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவறுவதற்குக் காரணம் ஒவ்வொரு துறையின் நிதியும் வேறு மாதத்தில் வருகிறது, கெடுவும் வேறு. லண்டன் முறையில் எனக்கு மிகப் பயனுள்ளதாகப் படுவது, யார் எங்கே எப்போது தோண்டப் போகிறார்கள் என்பது ஒரே பதிவேட்டில் முன்கூட்டியே ஏறுவதுதான். பதிவேட்டில் இல்லாத பள்ளத்துக்கு, அவசரம் தவிர, அனுமதி இல்லை.

2023 மார்ச்சில் இந்திய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியை வெளியிட்டது. தோண்டப் போகிறவர் இடத்தைப் பதிவு செய்தால், அங்கே நிலத்தடியில் கேபிளோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். அந்த நிறுவனத்துக்கே தன் குழாய் எங்கே என்று சரியாகத் தெரிந்தால்தான் இது பயன் தரும். பழைய வரைபடங்களில் சாலையோர மரத்திலிருந்து இத்தனை அடி என்று குறித்திருக்கும், மரம் இருக்காது. தரை ஊடுருவும் ரேடாரால் தேடலாம், ஆனால் ஈரக் களிமண் ரேடார் அலையை விழுங்கிவிடும். சென்னையின் பல பகுதிகள் களிமண். குழாயைத் துல்லியமாகவும் மலிவாகவும் அளக்க ஒரே சமயம், பள்ளம் திறந்து கிடக்கும்போதுதான். செயற்கைக்கோள் உதவியோடு இடம் குறிக்கும் கருவியுடன் ஒருவர் இறங்கினால் சில நிமிட வேலை. அந்த அளவுகளைப் பொதுப் பதிவேட்டில் ஏற்றாமல் பள்ளத்தை மூடக் கூடாது என்பதை சாலை வெட்டு அனுமதியின் நிபந்தனையாக நான் கேட்பேன். அடுத்து அதே தெருவில் தோண்ட வருபவர், மின்கேபிள் எங்கே என்று தேடிச் சோதனைக் குழிகள் போடும் நாட்கள் அதோடு மிச்சமாகும்.